தராசுக்கு முத்திரை போடுற ஆளை வியாபாரியே வேலைக்கு வைக்கலாமா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் மக்காச்சோளம் விக்கப் போற எந்தச் சம்சாரியை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. விலையை விட எடையைத்தான் முதல்ல பேசுவாரு. குவிண்டாலுக்கு அம்பது ரூபாய் குறைஞ்சாக்கூட மனசைத் தேத்திக்கலாம். எடையில கை வச்சா பொறுக்க முடியாது. ஒரு வருஷம் வானத்தைப் பார்த்து, படைப்புழுவோடயும் காட்டுப்பன்னியோடயும் மல்லுக்கட்டி விளைய வச்சதை நம்ம கண்ணு முன்னாடியே களவு கொடுக்குற மாதிரி இருக்கும்.

அதனாலதான் வியாபாரியோட தராசுக்கு அரசு முத்திரை கேக்குறோம். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சரிபார்த்து முத்திரை வைக்கணும். அதுக்கான கட்டணம் அரசாங்கக் கணக்குல போய்ச் சேருது. ஆய்வாளருக்கு வியாபாரி சம்பளம் கொடுக்கிறதில்லை. அடுத்த வருஷம் எந்த ஆய்வாளர் வரணும்னு வியாபாரி தீர்மானிக்கிறதும் இல்லை.

இப்ப ஒருத்தர் வந்து, "இனிமே தராசைச் சரிபார்க்கிற ஆளை வியாபாரியே பார்த்து வச்சுக்கலாம், கூலியும் அவரே குடுக்கலாம், பிடிக்கலைன்னா அடுத்த தடவை வேற ஆளு வச்சுக்கலாம், அந்த ஆளே வியாபாரிக்கு லாபம் எப்படிக் கூட்டுறதுன்னு யோசனையும் சொல்லலாம்"னு சொன்னா என்ன ஆகும்? நம்ம ஊர் சந்தையில அவரை உக்காரக்கூட விடமாட்டாங்க.

ஆனா இந்த நாட்டின் ஆகப்பெரிய தனியார் கம்பெனிகளின் கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் சரிபார்க்கப்படுகிறது. ஆடிட்டரைப் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் நியமிக்கிறது என்பது சட்டத்தின் எழுத்து. அந்தக் கூட்டத்தில் கையில் பெரும்பங்கு வைத்திருப்பது யார்? கம்பெனியை நடத்துகிற முதலாளி குடும்பம். ஆடிட்டரின் கட்டணம் வருவது எங்கிருந்து? அதே கம்பெனியின் கஜானாவிலிருந்து. யாரைக் கண்காணிக்கணுமோ அவர்தான் படியளக்கிறார்.

"அது பணக்காரங்க சமாச்சாரம், தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற எனக்கு என்ன?"னு கேக்குறீங்களா? கேக்கணும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஐஎல் அண்டு எஃப்எஸ் என்று ஒரு நிறுவனம். சாலை, சுரங்கப்பாதை, மின் நிலையம் என்று நாடு முழுக்கக் கை வைத்திருந்தது. நம்ம தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்து அனல் மின் நிலையம், திருப்பூர் தண்ணீர்த் திட்டம் இரண்டிலும் அதன் பெயர் உண்டு. 2018-ல் கடன் தவணை கட்ட முடியாமல் ஒவ்வொன்றாகத் தவறியது. குழுமத்தின் மொத்தக் கடன் 90,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று வெளியே வந்தது. அக்டோபர் 1-ம் தேதி ஒன்றிய அரசு நீதிமன்ற வழியில் போய் இயக்குநர் குழுவையே கலைத்துவிட்டுப் புதுக் குழுவைப் போட்டது.

அதன் ஆகப்பெரிய பங்குதாரர் யார் தெரியுமா? எல்ஐசி. ஏறக்குறைய கால் பங்கு. கோவில்பட்டியில் எல்ஐசி பாலிசி இல்லாத வீட்டைக் காட்டுங்க பார்ப்போம். பஞ்சாலைத் தொழிலாளி, வாத்தியார், சத்துணவு அமைப்பாளர், பெட்டிக்கடை அண்ணாச்சி என்று எல்லோரும் பிள்ளை கல்யாணத்துக்கு, படிப்புக்கு என்று கட்டி வந்த பிரீமியம் அது. எல்ஐசி மட்டுமில்லை. பல கம்பெனிகளின் பிஎஃப் டிரஸ்டுகளும் இந்தக் குழுமத்தின் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தன. ஏன் வாங்கின? கணக்கு சுத்தம் என்று ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. உயர்தரம் என்று மதிப்பீட்டு ஏஜென்சிகளின் 'டிரிபிள் ஏ' முத்திரை, குழுமம் கவிழ்வதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் இருந்தது. (அந்த ஏஜென்சிகளுக்கும் கூலி கொடுப்பது கடன் வாங்குகிற கம்பெனிதான். அதே நோய். அதைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.)

அந்தக் குழுமத்தின் நிதிக்கிளை ஐஎஃப்ஐஎன். அதற்கு ஆடிட்டர்களாக இருந்தவை டெலாய்ட் ஹஸ்கின்ஸ் அண்டு செல்ஸ் நிறுவனமும், கேபிஎம்ஜி வலையத்தைச் சேர்ந்த பிஎஸ்ஆர் அண்டு அசோசியேட்ஸும். கட்ட முடியாதவனுக்கே புதுக்கடன் கொடுத்து பழைய கடனைக் கட்டின மாதிரி காட்டினாங்க, ஆடிட்டர்கள் தெரிஞ்சும் சொல்லாம விட்டாங்கன்னு தீவிர மோசடிப் புலனாய்வு அலுவலகம் குற்றம்சாட்டியது. நிறுவனங்கள் மறுத்தன. 2019 ஜூன் மாதம் ஒன்றிய அரசு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் இவர்களை ஐந்து வருஷம் விலக்கி வைக்கச் சொல்லிக் கேட்டது.

அப்ப ஆடிட்டர்கள் தரப்பு சொன்ன பதில் என்ன தெரியுமா? ஒரு நிறுவனத்தின் காலம் முடிந்துவிட்டது, இன்னொன்று ராஜினாமா செய்துவிட்டது. இப்போது நாங்கள் ஆடிட்டரே இல்லை, இல்லாத ஆடிட்டரை எப்படி நீக்குவீர்கள்! 2020 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட 2023 மே 3 வரைக்கும் ஆச்சு. ராஜினாமா செய்ததால் சட்டத்தின் 140(5) பிரிவு விசாரணையிலிருந்து தப்ப முடியாது என்று அன்றைக்குத்தான் தெளிவாச்சு. வேலிக் கருவையை வெட்டப் போனவனுக்கு வேர் எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கவே நாலு வருஷம்.

இதில் எங்களுக்கு ஆகப்பெரிய விஷயமாகப் படுவது வேறொன்று. தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2019 டிசம்பரில், ஐஎஃப்ஐஎன் கணக்கை டெலாய்ட் தணிக்கை செய்த கோப்புகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் கடுமையாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று ஆடிட்டரின் சுதந்திரம். தணிக்கை செய்கிற இடத்திலேயே செய்யக்கூடாத பிற சேவைகளையும் செய்து காசு பார்த்ததைச் சுட்டிக்காட்டியது ஆணையம். வியாபாரிக்கு யோசனை சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டே தராசுக்கு முத்திரை வைத்த கதை.

அந்த ஆணையம் எப்ப அமைக்கப்பட்டதுன்னு பாருங்க. 2018 அக்டோபர் 1. ஐஎல் அண்டு எஃப்எஸ் இயக்குநர் குழுவைக் கலைத்த அதே நாள்! சட்டத்தில் 2013-லேயே அதுக்கு இடம் இருந்தது. அஞ்சு வருஷம் காகிதத்தில் தூங்க விட்டுட்டு, வீடு பத்தின அன்னைக்கு வாளி வாங்கப் போயிருக்காங்க.

இதுக்கு முன்னாடி பாடம் இல்லாமலா இருந்துச்சு? 2009 ஜனவரி 7. ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி, வங்கியில் இருப்பதாகக் காட்டின 5,000 கோடி ரூபாய்க்கும் மேலான பணம் இல்லவே இல்லைன்னு சொன்னாரு. கவனிங்க, ஆடிட்டர் கண்டுபிடிக்கலை. திருடினவரே வந்து சொன்னாரு. பல வருஷம் அங்கே கணக்குப் பார்த்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ், உலகத்தின் நாலு பெரிய வலையங்களில் ஒன்று. வங்கிக்கு நேரா ஒரு கடுதாசி போட்டு "இவ்வளவு பணம் இருக்கா?"ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கம்பெனி கொடுத்த காகிதத்தையே நம்பினாங்கன்னு செபி சொன்னது. 2018-ல் அந்த வலையத்துக்கு ரெண்டு வருஷத் தடை போட்டது. 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செபிக்கு அந்த அதிகாரமே இல்லைன்னு தடையை ரத்து பண்ணிருச்சு.

சத்யம் ஊழியர்களும் சிறு முதலீட்டாளர்களும் பட்ட பாட்டுக்கு யாரும் தீர்ப்பாயம் வைக்கலை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். என்ரான் கம்பெனி 2000-ம் வருஷம் ஆர்தர் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்காகக் கொடுத்தது 2.5 கோடி டாலர். ஆலோசனை மாதிரியான மற்ற வேலைக்குக் கொடுத்தது 2.7 கோடி டாலர். கணக்கில் தப்பு இருக்குன்னு சொன்னா 5.2 கோடி டாலரும் போச்சு. எத்தனை பேருக்கு வாய் திறக்க வரும்? என்ரான் கவிழ்ந்தது, ஆண்டர்சனும் கவிழ்ந்தது, அந்த நாடு 2002-ல் புதுச் சட்டமே கொண்டு வந்தது.

நாங்கள் ஆடிட்டர்களைத் திருடர் என்று சொல்லவில்லை. கோவில்பட்டி மெயின் ரோட்டில் சின்ன அறையில் உக்காந்து, தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனி, மளிகைக் கடைக் கணக்கையெல்லாம் நேர்மையாகப் பார்க்கிற ஆடிட்டர்கள் எத்தனையோ பேர். அவங்க கிட்ட தனியாக் கேட்டுப் பாருங்க. "இந்தக் கணக்குல கையெழுத்துப் போட முடியாது"ன்னு சொன்ன நேர்மையானவருக்கு அடுத்த வருஷம் அந்த வேலை போயிருக்கும். அவர் இடத்துக்கு வர ரெண்டு பேர் வாசல்ல நிப்பாங்க. தனி மனுஷனின் நேர்மையை மட்டும் நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்துறதே தப்பு. நேர்மையா இருந்தா பட்டினி கிடக்கணும்னு ஏற்பாடு செஞ்சு வச்சுட்டு, நேர்மை இல்லையேன்னு கவலைப்படுறது ஊரை ஏமாத்துற வேலை.

2013 கம்பெனிச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கு. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளில் ஒரே தணிக்கை நிறுவனம் பத்து வருஷத்துக்கு மேல் தொடரக்கூடாது. தனி ஆடிட்டர் என்றால் அஞ்சு வருஷம். ஆனால் பத்து வருஷம் என்பது ஒரு பிள்ளை ஒண்ணாப்பு சேர்ந்து பத்தாப்பு முடிக்கிற காலம். ரிசர்வ் வங்கி 2021-ல் வங்கிகளுக்குத் தொடர்ந்து மூணே வருஷம்தான்னு சொல்லிருச்சு. வங்கிக்கு மூணு வருஷம் போதும்னா மத்த கம்பெனிக்கு எதுக்குப் பத்து?

144-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தணிக்கை செய்யுற கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக்கூடாது, உள்தணிக்கை கூடாது, முதலீட்டு ஆலோசனை கூடாது, நிர்வாக சேவை கூடாது. நல்ல பிரிவு. ஆனா ஓட்டை எங்கேன்னு பாருங்க. அந்தக் கம்பெனிக்கும் அதன் தாய்க் கம்பெனிக்கும் பிள்ளைக் கம்பெனிக்கும் மட்டும்தான் தடை. அதே முதலாளியின் அண்ணன் தம்பிக் கம்பெனிகளுக்கு? பிரிவு வாய் திறக்கலை. முன் வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வச்ச வீடு. வரி ஆலோசனைக்கும் அந்தப் பட்டியலில் தடை கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்கிறதை விட்டுட்டு, ஒன்றிய நிறுவனங்கள் விவகார அமைச்சகம் என்ன செஞ்சுது? 2025 செப்டம்பரில் ஒரு குறிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஆடிட்டர், வக்கீல், ஆலோசகர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்யுற பெரிய இந்திய நிறுவனங்களை எப்படி வளர்க்கலாம்னு. வெளிநாட்டு வலையங்கள் நாலும் சந்தையைப் பிடிச்சு வச்சிருக்கு, நம்ம ஆளுங்க போட்டி போடணும்னு காரணம் சொல்றாங்க.

இந்திய நிறுவனங்கள் வளரட்டும், எங்களுக்கு மகிழ்ச்சிதான். நாலு வெளிநாட்டுப் பெயர்கள் இந்தச் சந்தையை ஆட்டிப்படைப்பது எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நோய் அந்த நாலு பேரின் பாஸ்போர்ட்டில் இல்லை. தணிக்கையும் ஆலோசனையும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் காசு போடுவதில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மூவர்ணம் அடித்தால் நோய் தீர்ந்துவிடுமா? கூரை ஒன்றாகப் பெரிதாகும் முன்னால் உள்ளே சுவர் எங்கே எழுப்பப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

சரி, பம்பாயும் ஐதராபாத்தும் இருக்கட்டும். நம்ம கரிசலுக்கு வருவோம்.

புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. உழவுக் கூலி, விதை, டிஏபி மூட்டை எல்லாத்துக்கும் கையில காசு வேணும். மானாவாரிக்காரனுக்கு யார் கொடுப்பா? வீட்டுப் பொம்பளை கழுத்துச் செயினைக் கழட்டிக் கொடுப்பாங்க. அது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போகும். உளுந்தும் பாசியும் வந்தா நகை திரும்பும். மழை ஏமாத்தினா வட்டி கட்டி மாத்தி வைக்கணும். கரிசலில் பல வீட்டுத் தங்கம் வருஷத்தில் பாதி நாள் சங்கத்துப் பெட்டகத்தில்தான் இருக்கு.

2021-ல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தப்ப, தமிழ்நாடு முழுக்கக் கூட்டுறவு நகைக்கடன்களை ஆய்வு செஞ்சாங்க. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள். சில சங்கங்களில் போலி நகை, சில இடத்தில் நகையே இல்லாத பொட்டலம், ஒரே ஆளு பேருல எக்கச்சக்கமான கடன். நம்ம தூத்துக்குடி மாவட்டத்திலேயே குரும்பூர் சங்கத்து விவகாரம் வழக்கு, கைது வரைக்கும் போச்சு.

இங்கேதான் எங்கள் கேள்வி. அந்தச் சங்கங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் தணிக்கை நடக்கலையா? நடக்கணும்னுதானே சட்டம். தள்ளுபடி ஆய்வுன்னு ஒண்ணு வராம போயிருந்தா அந்த வெறும் பொட்டலங்கள் இன்னும் எத்தனை வருஷம் 'நகை'யாவே கணக்கில் உக்காந்திருக்கும்?

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அடிப்படை ஏற்பாடு மோசமில்லை. கூட்டுறவுத் தணிக்கைத் துறை கூட்டுறவுப் பதிவாளருக்குக் கீழே கிடையாது. நிதித்துறையின் கீழ் இருக்கு. சங்கத்தை நடத்துற துறையும் சங்கத்துக் கணக்கைப் பார்க்கிற துறையும் வேற வேறயா இருக்கணும்னு பல பத்தாண்டுகளுக்கு முன்பே யோசிச்சுப் பிரிச்சிருக்காங்க. அந்த யோசனைக்கு எங்கள் மரியாதை. 2011-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 97-வது அரசியல் சட்டத் திருத்தம் இதைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தது. அரசு ஏற்ற பட்டியலில் இருந்து சங்கத்தின் பேரவையே ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கட்டும்னு சொன்னது. கேக்க ஜனநாயகமா இருக்கும். ஆனா பேரவைக் கூட்டத்தில் யாரை முன்மொழியணும், யார் கை தூக்கணும்னு தீர்மானிக்கிறது நிர்வாகம்தான்னு சங்கத்துக்குப் போய் வந்த எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் ஒப்புதல் வாங்காத அந்தப் பகுதி மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. மாநில உரிமைக்கும் நல்லது, தணிக்கைக்கும் நல்லது.

ஆக, துறை தனி; காகிதத்தில் சுதந்திரம் இருக்கு. மேஜையில் இருக்கான்னுதான் பார்க்கணும்.

நகை மதிப்பீட்டாளரை எடுத்துக்கோங்க. பல இடங்களில் அவருக்கு வருமானம் மாதச் சம்பளம் இல்லை. மதிப்பீடு செய்யுற கடனுக்கு ஏத்த கூலி. கடன் கூடினா கூலி கூடும். "இது தங்கம் இல்லை"ன்னு சொன்னா கூலி இல்லை. தணிக்கையின்போது பொட்டலத்தைப் பிரித்து உரசிப் பார்க்க அதே மதிப்பீட்டாளரையே கூப்பிட்டால், அது தணிக்கையா? தான் எழுதின பரீட்சையைத் தானே திருத்துற வேலை! பொட்டலத்தைப் பிரிக்காமலே மேலே ஒட்டின சீட்டையும் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரின்னு போட்டா, அது அதை விட மோசம். சத்யத்தில் வங்கியைக் கேக்காம காகிதத்தைப் பார்த்த மாதிரிதான் இதுவும். அங்கே 5,000 கோடி, இங்கே மூணு பவுன் செயின். போனா அந்த வீட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

"சம்பளம் யார் கொடுத்தா என்ன, மனசாட்சி இருந்தா போதும்"னு சிலர் எழுதுவீங்க. அரசியல் சட்டத்தை எழுதினவங்க மனசாட்சியை மட்டும் நம்பலை. நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு 148-வது பிரிவில் என்ன ஏற்பாடு செஞ்சாங்கன்னு பாருங்க. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குற அதே வழியில்தான் அவரை நீக்க முடியும். பதவிக் காலத்தில் அவருக்குப் பாதகமாகச் சம்பளத்தை மாற்ற முடியாது. அவருடைய அலுவலகச் செலவு நாடாளுமன்றத்தின் ஓட்டுக்குப் போகாமலே தொகுப்பு நிதியில் இருந்து வரும். பதவி முடிஞ்ச பிறகு ஒன்றிய அரசிலோ மாநில அரசிலோ வேற பதவி வாங்க முடியாது. அதாவது நாளைக்குக் கிடைக்கப் போற நாற்காலிக்காக இன்னைக்குக் கண்ணை மூட முடியாது. அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்தப் பதவியை அரசியல் சட்டத்தின் ஆக முக்கியமான பதவியாகவே கருதிப் பேசினார். நீதிபதிக்கு இருக்கிற சுதந்திரத்துக்குக் குறையாம இவருக்கும் வேணும்னு வாதாடினார்.

இன்னொண்ணும் பாருங்க. அரசுக் கம்பெனிகளுக்கு ஆடிட்டரை நியமிக்கிறது அந்தக் கம்பெனியின் நிர்வாகம் இல்லை. இதே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்தான். மின்வாரியக் கம்பெனிக்கு அது முடியுது. அப்போ மக்களின் எல்ஐசி பணம், பிஎஃப் பணம், வங்கி டெபாசிட் வாங்கித் தொழில் நடத்துற பெரிய தனியார் கம்பெனிகளுக்கு மட்டும் ஏன் முடியாது? கம்பெனி கட்டணத்தை ஒரு பொது நிதியில் கட்டட்டும். தேசிய நிதி அறிக்கை ஆணையம் மாதிரி ஒரு அமைப்பு ஆடிட்டரை ஒதுக்கட்டும். கட்டணமும் அந்த நிதியிலிருந்து போகட்டும். தராசு முத்திரைக்கு நடக்கிற அதே ஏற்பாடு.

இதுக்கு "தொழில் செய்யும் சுதந்திரம் போச்சு"ன்னு கூச்சல் வரும். வரட்டும். பெட்டிக்கடைக்காரர் தராசுக்கு இல்லாத சுதந்திரம் அவங்களுக்கு எதுக்கு?

தோழர்களே, டெல்லியிடம் கேட்க வேண்டியதைக் கட்சி கேட்கும். 144-வது பிரிவின் ஓட்டையை அடை, பத்து வருஷத்தைக் குறை, ஒரே கூரைத் திட்டத்தில் தணிக்கையைத் தனியாகப் பிரி என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேசுவோம். உங்க ஊர்ச் சங்கத்தில் கேட்க வேண்டியதை நீங்கதான் கேட்கணும். நீங்க உறுப்பினர், உங்க பங்குத் தொகை அங்கே இருக்கு.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு டீயும் பிஸ்கட்டும் வாங்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துராதீங்க. கடைசித் தணிக்கை அறிக்கை எந்த வருஷத்துக்கு உள்ளது, அதில் சொன்ன குறைகளுக்குச் சங்கம் என்ன பதில் கொடுத்தது, தமிழில் வாசிங்கன்னு கேளுங்க. எத்தனை நகைப் பொட்டலம் பிரித்துப் பார்க்கப்பட்டது, உரசிப் பார்த்தது சங்கத்து மதிப்பீட்டாளரா, வெளியாளா? தணிக்கைக்கு வந்தவருக்கு சாப்பாடு, வண்டி, தங்கும் இடம் யார் செலவு? இதைக் கேக்குறதுக்குக் கூச்சமே படாதீங்க. கேள்வியையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தா, சங்கத்தின் பெயரும் கூட்டம் நடந்த தேதியும் போட்டு நம்ம ஒன்றியச் செயலாளரிடம் கொடுங்க. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் வட்டங்களில் இருந்து வருவதை மொத்தமாகத் தொகுத்துக் கூட்டுறவுத் தணிக்கைத் துறைக்கு மனுவாகக் கொடுக்கிறோம்.

#தணிக்கைக்குத்_தனிக்கை #கரிசல்_கேட்கிறது